பாதி இன்ஜின், பாதி தூரம்

என் கணவரைப் போன வாரம் ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். மற்ற நாட்களில் எனக்கு வேலை இருக்கிறது.

வேலை என்றால் மாவு. எங்கள் தெருவுக்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் இட்லி மாவு ஆட்டிக் கொடுப்பது நான்தான். ஞாயிறு காலை ஊரே இட்லி தின்று முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கணவர் காட்சியில் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். உளுந்துக்குத் தெரியாது. ஊறிவிட்டால் ஆட்டியே ஆக வேண்டும்.

நடந்தது இதுதான். என் கணவர் பரஞ்சோதி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீராவி இன்ஜின் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கிளம்பிப் போனார். அங்கே ஒரு பழைய பிளாட்பாரத்தில் ஒரு பழைய ரயில் நின்றிருக்கிறது. பெட்டி காலி. பிளாட்பாரமும் காலி. ஈ காக்கை இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. திறந்த ஜன்னலைக் கண்டதும் இவருடைய கை தானாகத் தோளுக்குப் போயிருக்கிறது. துண்டை எடுத்து ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்துவிட்டார்.

துண்டு விழுந்தால் இடம் அவருடையது. அதை யாரும் மறுக்க முடியாது. பிடித்த இடத்தில் உட்காராமல் இருக்கவும் முடியாது. ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பயணி ஆகிவிட்டார். பயணி தன் ஊர் வராமல் இறங்கக் கூடாது. அந்த ரயிலோ கிளம்பாது. ஆகவே அவர் காட்சிப் பொருள்.

இதில் அருங்காட்சியகத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோபமெல்லாம் இவர் மேல்தான். காலிப் பெட்டிக்கு யாராவது துண்டு போடுவார்களா?

நுழைவாயிலில் ஒரு பெண் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"என் வீட்டுக்காரரை."

"நிக்கிறவரா, உக்காந்திருக்கிறவரா?"

"உக்காந்திருக்கிறவர்."

"ஜன்னலோரமா?"

"அவர் வேற எங்கயும் உக்கார மாட்டார்."

"அப்ப வெரசாப் போங்க. இன்னைக்கு வார்னிஷ்."

"வார்னிஷ் அடிச்சா என்ன ஆகும்?"

"நல்லா இருப்பாங்க. பூச்சி அரிக்காது. ஆனா எந்திரிக்க மாட்டாங்க."

"அதெல்லாம் நடக்காது. ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் வீட்டுல இருப்பார்," என்றேன். அவள் எனக்கு ஒரு கடலை கொடுத்தாள்.

பிளாட்பாரம் நீளமானது. நான் நடக்க நடக்க அதுவும் நீண்டது. ரயில் தூரத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் நடந்துவிட்டு நின்றேன். எனக்கு ரயிலைப் பற்றி அதிகம் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். நாம் எந்தக் கோடியில் நிற்கிறோமோ, நம் பெட்டி அதற்கு எதிர்க்கோடியில்தான் வந்து நிற்கும். இது எந்தக் காலத்திலும் மாறியதில்லை.

ஆகவே திரும்பி, வாசல் பக்கமாகவே நடக்க ஆரம்பித்தேன். "நம்ம பெட்டி அந்தக் கோடியிலதான் இருக்கு," என்று சத்தமாகவும் சொன்னேன். கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பெட்டி ஏமாந்துபோய் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பு வரிசையாக நின்றது. ஆசிரியை குச்சியால் என் கணவரைக் காட்டினார்.

"இவர்தான் பயணி. காத்து வர்ற பக்கமா உக்காருவார்."

"டீச்சர், இவர் என்ன சாப்பிடுவார்?"

"கடலை. ஸ்டேஷன் வந்தா டீ."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். என் கணவர் முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டினார். வீட்டில் அவர் இவ்வளவு நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஏறினேன். பெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு அம்மாள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி காட்சியில் இருந்தார். எதிரே குடை வைத்த ஒரு ஆள். எல்லாரும் இவருக்குப் பிறகு பார்க்க வந்து, இடம் பிடித்து, தங்கிப்போனவர்கள். "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றேன். தள்ளிக்கொண்டார்கள். மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு எப்போதும் இடம் உண்டு.

"வந்துட்டியா கனகு," என்றார் என் கணவர். என் பெயர் கனகாம்புஜம்.

"எந்திரிங்க. போகலாம்."

"ஊர் இன்னும் வரலையே."

குடைக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "எதுவரைக்கும்?"

"இவர் எதுவரைக்கும்னு சொன்னார்?"

"வீடு வரைக்கும்னார். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. நல்ல மனுஷன்."

நான் என் கணவர் காதருகே குனிந்தேன். வார்னிஷ் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது.

"தேக்கு நிறமாம்," என்றார்.

"உங்களுக்குச் சம்மதமா?"

"நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

"நீங்க எப்பத்தான் சொல்லியிருக்கீங்க?"

அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள்.

"இங்க என்னை எல்லாரும் பாக்குறாங்க கனகு."

"நான் பாக்கலையா?"

"நீ மூக்குக் கண்ணாடியைத் தேடுறப்ப என் பக்கம் பாப்பே. அது எங்கிட்ட இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பிடுவே."

எனக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது உண்மை. அதனால் அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தேன். இந்த ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை. குறட்டைச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குத் தூங்கத் தெரியாது. இதையும் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த பெட்டியிலிருந்து வார்னிஷ் வாடை வந்தது. டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒருவர் அங்கே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் சுயம்பு என்று குடைக்காரர் சொன்னார். ஒரே பூச்சில் முடித்துவிடுவாராம். அவருக்குப் பின்னால் அருங்காட்சியகக் காப்பாளர் இரத்தினசபாபதி கையைப் பின்னால் கட்டியபடி வந்தார்.

"அம்மா, காட்சிப் பொருள் பக்கத்துல உக்காரக் கூடாது."

"இவரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"கூட்டிட்டுப் போங்க. ஊர் வந்ததும் இறங்கிக்கலாம். நாங்க யாரையும் பிடிச்சு வைக்கிறதில்ல."

"வண்டி கிளம்புமா?"

"கிளம்பாது."

"அப்ப ஊர் எப்படி வரும்?"

"அது ஊரோட இஷ்டம்மா. நாங்க தலையிடுறதில்ல."

நியாயமாகத்தான் பேசினார். என்ன செய்யலாம் என்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே அபாயச் சங்கிலி தொங்கியது.

"இது எதுக்கு?"

"இழுத்தா ஓடுற வண்டி நிக்கும்."

"நிக்கிற வண்டியில இழுத்தா?"

காப்பாளர் சங்கிலியை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் பெஞ்சின் மேல் ஏறி இழுத்துவிட்டேன். மாவுப் பாத்திரம் தூக்கிய கை. ஒரே இழுப்பு.

ரயில் கிளம்பியது.

குப் என்றது. அடுத்த குப் வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் வந்தது. பிறகு மறுபடி குப். விசிலும் 'கூ' என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள். ஆசிரியை கடைசியில் ஏறி, எல்லாரும் இருக்கிறார்களா என்று தலையைத் தொட்டு எண்ணினார்.

சற்று நேரத்தில் படிக்கட்டு வழியாக டிரைவர் வந்தார். பெயர் மரியசூசை. அந்த இன்ஜின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று எல்லாரும் பார்ப்பதற்காக அதை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் வைத்திருந்தார்கள். டிரைவரையும் அப்படியே செய்திருந்தார்கள். உள்ளே எல்லாவற்றுக்கும் வர்ணம் பூசியிருந்தது. இருதயம் சிவப்பு. மூச்சு போகும் வழி நீலம். சோறு போகும் வழி மஞ்சள். சுத்தமாக வைத்திருந்தார்.

"சங்கிலி இழுத்தது யாரு?"

"நான்தான்."

"காரணம்?"

"வீட்டுக்குப் போகணும்."

"நியாயமான காரணம்," என்றார். பிறகு ஒரு கையால் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணும்மா. இது பாதி இன்ஜின். பாதி தூரம்தான் போகும். மீதிப் பாதிக்கு எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

"மீதியை நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டு வழியாகத் திரும்பிப் போனார்.

ரயில் காய்கறி மார்க்கெட் வழியாகப் போனது. தண்டவாளம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. காய்கறிக்காரர்கள் கூடைகளை மட்டும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சலூனுக்குள் புகுந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தது. அங்கே ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குக் கை காட்டினார். என் கணவர் அசையவில்லை. அடுத்த பெட்டியில் சுயம்பு கடைசி ஆளுக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

நான் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். வீடு எடுத்தது.

"யாரு?"

"நான்தான்."

"சொல்லுங்க."

"கொஞ்சம் கிளம்பி வா. பாதி தூரம் வந்தாப் போதும். ஐயா வண்டியில இருக்கார்."

"கேஸை அடைச்சுட்டு வரட்டுமா?"

"அடைச்சுட்டு வா. மொட்டை மாடியில வடாம் காயுது, கொட்டாம வா."

"ஒரு சிக்கல் இருக்கே," என்றது வீடு. "தெரு குறுகல். திரும்ப இடம் இல்ல. ரிவர்ஸ்லதான் வரணும்."

"எப்படியாவது வா."

என் கணவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "வீடு உன் பேச்சைக் கேக்குதா?"

"கேக்காம? யார் பெருக்குறா?"

ரயில் மேம்பாலத்துக்கு அடியில் வந்து நின்றது. மரியசூசை எட்டிப் பார்த்து, "பாதி!" என்று கத்தினார். சொன்ன சொல் தவறாதவர்.

எதிரே வீடு வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் பின்னால் நின்று வழி சொன்னார்கள். "வரட்டும், வரட்டும்... லெஃப்ட்ல ஒடி... ஸ்ட்ரெய்ட் பண்ணு... வரட்டும்... போதும்!" போதும் என்ற பிறகும் ஒரு சாண் வந்துதான் நின்றது. பெட்டியின் படிக்கட்டும் வீட்டின் படியும் சரியாகச் சேர்ந்துகொண்டன. எனக்குப் பெருமையாக இருந்தது. வடாம் ஒன்றுகூடச் சிந்தவில்லை.

அதே நேரம் சுயம்பு எங்கள் பெட்டிக்குள் வந்தார். புளிச்சோறு அம்மாளுக்கு ஆரம்பித்தார். அந்த அம்மாள் பொட்டலத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொடுத்தார்.

"வீடு வந்தாச்சு. இறங்குங்க," என்றேன்.

என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு, "இது நம்ம வீடு இல்ல," என்றார்.

"நம்ம வீடுதான்."

"நம்ம வீட்டுக்குப் பச்சைக் கதவு. பக்கத்துல என் நாற்காலி இருக்கும். மேல பூசணிக்காய் தொங்கும்."

"அது முன்பக்கம். இது பின்பக்கம்."

"பின்பக்கம் ஒண்ணு இருக்கா?"

காப்பாளர் இரத்தினசபாபதி தொண்டையைக் கனைத்தார். "பயணிக்கு ஊர் அடையாளம் தெரியலன்னா இறங்க விட மாட்டோம்மா. தூக்கக் கலக்கத்துல வேற ஊர்ல இறங்கிட்டா யாரு பதில் சொல்றது?"

எனக்கு வாதாட வரும். காப்பாளர் மாதிரி பத்துப் பேரைத் தின்று தண்ணீர் குடிப்பேன். ஆனால் அப்போது வாய் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நிற்கிற இடம் அந்தப் பின்பக்கம். கிரைண்டர் அங்கே இருக்கிறது. துவைக்கிற கல் அங்கே இருக்கிறது. மழைக்கு நான் கட்டிய தார்ப்பாய் அங்கே இருக்கிறது. என்னை யாரும் பார்ப்பதில்லை என்று பெட்டியில் உட்கார்ந்து வருத்தப்பட்ட மனுஷருக்கு அது எந்த ஊர் என்றே தெரியவில்லை. கோபத்தில் எனக்குக் கண் கலங்கியது. சுயம்பு குடைக்காரருக்கு வந்துவிட்டார்.

நான் இறங்கினேன்.

திங்கட்கிழமைக்கு ஊறப் போட்டிருந்த அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் ஆட்டி முடிந்திருந்தன. வருகிற வழியில் குலுங்கிக் குலுங்கி வீடே ஆட்டிக்கொண்டதாம். நல்ல பதம். இரண்டையும் பெரிய பாத்திரத்தில் வழித்தேன். கல்லுப்பு போட்டேன். புடவையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கை விட்டுக் கரைக்க ஆரம்பித்தேன். தினமும் செய்வதுதான். வேலை பாதியில் நிற்கிற வீட்டில் எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

ஜன்னல் பக்கம் பிள்ளைகள் குவிந்தார்கள். ஆசிரியை குச்சியை என் பக்கம் திருப்பினார். எதற்கென்று தெரியாமல் மறுபடி தாழ்த்திக்கொண்டார்.

தலையை நிமிர்த்தி என் கணவரைப் பார்த்தேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. தேட ஒன்றுமில்லை. சும்மா பார்த்தேன். இடது புருவம் முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. இவர் இல்லாமல் எனக்கு முடியாது என்று அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவரும் என்னைப் பார்த்தார். குடைக்காரர் தேக்கு நிறத்தில் பளபளத்தார்.

"கனகு, அது என்ன?"

"மாவு."

"கையாலயா கரைக்கிறே?"

"கரண்டி போட்டா புளிக்காது. கைச்சூடு இறங்கணும்."

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப நான் தின்ன இட்லி?"

"எல்லாம் இப்படித்தான்."

சுயம்பு பிரஷ்ஷை டப்பாவில் முக்கி, விளிம்பில் வழித்து, என் கணவர் பக்கம் திரும்பினார். "கையைக் கொஞ்சம் மடியில வைங்க சார்," என்றார். நல்ல வேலைக்காரர். யாரையும் அவசரப்படுத்தவில்லை.

என் கணவர் கையை மடியில் வைக்கவில்லை.

"ஊர் வந்துருச்சு," என்றார் காப்பாளரிடம். "இதுதான் என் ஊர். நான் இதுக்கு முன்னாடி வந்ததில்ல."

எழுந்துவிட்டார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. பிரஷ் அவருடைய இடது முழங்கையில் ஒரு கோடு போட்டுவிட்டு, காலி இருக்கையில் போய் நின்றது. அந்த முழங்கை இன்னும் பளபளக்கிறது. அதில் கொசு உட்காருவதில்லை.

அவர் படி இறங்கி வீட்டின் பின்பக்கத்துக்குள் வந்தார். காப்பாளர் ஒரு சல்யூட் அடித்தார். மரியசூசை பாதி விசில் கொடுத்தார். ரயில் வந்த வழியே பின்னோக்கி, சலூனுக்குள் புகுந்து போனது. தெருக்காரர்களும் கலைந்தார்கள். வீடு மட்டும் திரும்பிப் போகவில்லை. களைப்பாக இருக்கிறதாம். இருக்கட்டும், நாளைக்குப் பால்காரர் இங்கே வந்து போடட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கிரைண்டரைச் சுற்றி வந்தார். துவைக்கிற கல்லின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தார்ப்பாயை அண்ணாந்து பார்த்து, "யார் கட்டினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். முடிச்சு நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடைசியில் பாத்திரத்தின் பக்கம் வந்தார்.

"தொட்டுப் பாக்கலாமா?"

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் கிளம்பி, சற்றுத் தூரம் போய் நின்றார்.

"குழாய் எங்க இருக்கு?"

முகவாயால் காட்டினேன். கழுவிக்கொண்டு வந்து, சட்டைக் கையை மடக்கி, பாத்திரத்துக்குள் கையை விட்டார். மாவு சில்லென்று இருந்திருக்கும். முகத்தைச் சுளித்தார். எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. உள்ளே கொஞ்ச நேரம் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப புளிக்குமா?" என்று கேட்டார்.

"காலையிலதான் தெரியும்," என்றேன்.